117 கழற்றி வைத்த நகைகள்

"ஒரே வருஷத்துல ஒரு மூளைக்குப் பதினாலு வயசு கூடுமா, டாக்டர்?"

நான் கேட்ட கேள்விக்கு டாக்டர் விஷ்ணுப்ரியா வாய் திறப்பதற்குள் என் உதவியாளர் புஷ்பலதா பதில் சொல்லிவிட்டாள்.

"எங்க வூட்டுக்காரரைக் கட்டிக்கினு வந்த மொத வருசத்துலயே எனக்கு இருவது கூடுச்சு, சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. சிரிக்கும் நிலையில் அவர் இல்லை. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த அந்த நரம்பியல் ஆய்வு மையத்தில் அப்போது மணி காலை பதினொன்று. மாலை நான்கு மணிக்கு, ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் கமிட்டி கூடுகிறது. அதற்குள் எனக்கு ஒரு பதில் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் கேஷவ் என்ற டெக்னீஷியனின் பிழைப்பு போய்விடும்.

டாக்டர் தன் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். திரையில் இரண்டு மூளைகள். இரண்டுக்கும் கீழே ஒரே எண்: 117.

"எங்க ஆராய்ச்சி இதுதான் சார். ஐம்பது வயசைத் தாண்டின நானூறு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து எம்.ஆர்.ஐ. மிஷின்ல படுக்கறாங்க. அந்தப் படங்களை எல்லாம் ஒரு ஏ.ஐ. புரோகிராம் படிக்குது. ஒருத்தருக்கு மறதி நோய் வரப்போகுதுன்னா, வர்றதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே அது சொல்லணும். போன வருஷம் முதல் சுற்று. இது இரண்டாவது."

"அதாவது, மிஷினுக்கு மூளை வெச்சு மனுசன் மூளையைப் பாக்க வுட்டிருக்கீங்க" என்றாள் புஷ்பலதா.

"கிட்டத்தட்ட. 117 போன வருஷம் வந்தப்போ, அந்தப் புரோகிராம் இந்த மூளைக்கு ஐம்பத்தெட்டு வயசு மாதிரி இருக்குன்னு சொல்லிச்சு. இந்த வருஷம் எழுபத்திரண்டுன்னு சொல்லுது. அதோட நிக்கல. இரண்டும் ஒரே ஆளோட மூளையே இல்லைங்குது. மூளையில இருக்கற மடிப்பெல்லாம் விரல் ரேகை மாதிரி சார். ஆளுக்கு ஆள் வேற. வயசானாலும் மாறாது."

"அப்படியானால் ஒரு படம் வேறு யாருடையதோ."

"இந்த வருஷத்துப் படம்தான்னு எல்லாரும் சொல்றாங்க. அதை எடுத்தது கேஷவ். ஜனவரியிலதான் வேலைக்குச் சேர்ந்தான். 117 வரவே இல்லை, கணக்குக் காட்டறதுக்காக யாரோட படத்தையோ போட்டுட்டான்னு குற்றச்சாட்டு. இன்னிக்கு அவனை நீக்கினா, காரணத்தை எழுதித்தான் நீக்குவாங்க. அப்புறம் எந்த ஸ்கேன் சென்டர்லயும் அவனை உள்ளே விடமாட்டாங்க. எனக்கு அவன் செஞ்சிருப்பான்னு தோணல. ஆனா தோணறது சாட்சி ஆகாதே."

"117 யாரென்று பெயரைச் சொல்லுங்கள். நேரே போய்க் கேட்டுவிடுகிறேன்."

"எனக்கே தெரியாது. பெயர்ப் பட்டியல் சீல் வெச்ச கவர்ல கமிட்டிகிட்ட இருக்கு. பேர் வெளிய வராதுன்னு எழுதிக் கொடுத்துத்தான் அவங்களைப் படுக்க வெச்சோம். கவரை நான் திறக்கச் சொல்லமாட்டேன். பெண், அறுபத்துநாலு வயசு, கணவர் இருக்கார், இரும்புலியூர். இவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

இரும்புலியூர் என் ஊர். எங்கள் காலனியில் பஜனைக்குக் கூடும் பெண்மணிகள் இருபத்தாறு பேர் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தார்கள். என் மனைவி ஞானாம்பாளும் அவர்களில் ஒருத்தி. பெயர் கொடுக்கச் சொன்னவனே நான்தான்.

"எங்கள் வீட்டிலும் உண்டு" என்றேன். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் புத்தி பிசகியது கிடையாது. தைரியமாகப் போய்ப் படு என்று அனுப்பி வைத்தேன்."

இதை ஊரில் பலரிடம் நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். அன்றும் நிமிர்ந்தது.

"அப்போ நீங்க டாக்டர் ரூம்ல கம்ப்யூட்டர் பாத்துகினு இருங்க சார்" என்று புஷ்பலதா எழுந்தாள். "நான் பொம்பளைங்க துணி மாத்துற எடத்தைப் பாத்துட்டு வரேன். மூளைக்குள்ள இன்னா கீதுன்னு இவங்க பாத்தாச்சு. மூளைக்கு வெளியே இன்னா இருந்துச்சுன்னு யாரும் பாத்திருக்க மாட்டாங்க."

புஷ்பலதாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பனையூர்க் குப்பத்துக்காரி. தாம்பரம் மார்க்கெட்டில் இருபது வருடம் மீன் விற்றவள். நான் ரெயில்வே டிக்கெட் ஸ்குவாடில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றபின் துப்பறியும் அலுவலகம் திறந்தேன். முதல் வழக்கில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவள் இவள். இரண்டாவது வழக்கிலிருந்து என்னோடு இருக்கிறாள். மீனின் கண்ணைப் பார்த்தே பிடித்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லும் பார்வை. மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பாள். வாய்தான் நிற்காது.

கேஷவ் நடைவழியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். கழுத்து அடையாள அட்டையை யாரோ வாங்கிக்கொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது; பட்டை மட்டும் கையில் சுற்றியிருந்தது.

"117-ஐ ஞாபகம் இருக்கிறதா?"

"முகம் ஞாபகம் இல்ல சார். ஒரு நாளைக்கு இருபது பேர். தலையில கூண்டு மாட்டினப்புறம் எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பாங்க. பேரும் கேக்கக் கூடாது. ஆனா அந்த அம்மா வந்தாங்க சார். சத்தியமா வந்தாங்க. படுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டாங்க."

"என்ன கேட்டார்?"

"'வெளியில பூட்டுவேளா?'ன்னாங்க. சாத்துவோம்மா, பூட்டே கிடையாது, நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிக்கறேன்னு சொன்னேன். 'பூட்டலேன்னா சரி'ன்னு படுத்துட்டாங்க. நிறையப் பேர் சத்தம் வருமா, வலிக்குமான்னு கேப்பாங்க. பூட்டுவீங்களான்னு யாருமே கேட்டதில்ல. இதைக் கமிட்டியில சொன்னா சிரிப்பாங்க சார்."

நான் சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஏன் என் காதில் தங்கிவிட்டது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. புரிய விரும்பவில்லை என்று இப்போது சொல்வேன்.

புஷ்பலதா திரும்பி வந்தபோது ஒரு பெண்ணைக் கையோடு அழைத்துவந்தாள். நீலப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து, கக்கத்தில் ஒரு நீள நோட்டு.

"சார், இவங்க கங்கம்மா. இந்த எடத்துல நெஜமான கம்ப்யூட்டர் இவங்கதான். கரண்ட் போனாலும் நிக்காது."

கங்கம்மா வெட்கப்பட்டாள். "மிஷின் உள்ள போறப்ப ஒடம்புல பொட்டு நகை இருக்கக் கூடாது சார். எல்லாத்தையும் நான்தான் வாங்கி வெக்கறேன். நாளைக்கு அது காணோம் இது காணோம்னு வந்துடக் கூடாதில்ல? அதான் நம்பர் போட்டு எழுதி வெக்கறது. யாரும் கேட்டது கிடையாது. நானா எழுதறதுதான்."

"மஞ்சக் கயிறு கதையைச் சொல்லுங்க" என்று புஷ்பலதா தூண்டினாள்.

"கட்டுக்கழுத்தி யாரும் தாலிய சும்மா கழட்ட மாட்டேங்கறாங்க சார். வெறுங்கழுத்தோட எப்படிம்மா படுக்கறதுன்னு அழுவுறவங்ககூட இருக்காங்க. தாம்பரத்துல மஞ்சக் கயிறும் மஞ்சக் கெழங்கும் வாங்கியாந்து வெச்சுக்கினேன். கயித்தைக் கட்டிக்கினு அப்பறம் செயினைக் கழட்டிக் கொடுப்பாங்க. மூளையைப் படம் புடிச்சுட்டு வந்ததும் செயினைப் போட்டுக்கினு கயித்தை எடுத்துடுவாங்க. எல்லாருக்கும் கட்டியிருக்கேன். ஒருத்தருக்குத் தவிர."

"எந்த ஒருத்தர்?"

அவள் நோட்டைப் பிரித்துப் போன வருடம் ஜூன் மாதத்துக்குப் போனாள். குண்டு குண்டான எழுத்து. விரலை வைத்துக் காட்டினாள்.

'117. வளையல் 2. தோடு 1 ஜோடி. கயிறு வேணாம்னுட்டாங்க.'

"நெத்தியில பொட்டு இருந்துச்சு சார். கழுத்துல ஒண்ணும் இல்ல. செயினை வூட்லயே வெச்சுட்டு வந்துட்டாங்கபோலன்னு கயித்தை நீட்டுனேன். ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, வேண்டாம்மான்னாங்க. அதான் எழுதி வெச்சேன்."

புஷ்பலதா என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கேலி இல்லை.

"செயினை வூட்ல வெச்சுட்டு வரலாம் சார். மெட்டியுமா? எனக்கு எட்டு வருசமா வெறுங்கழுத்து. அந்தக் கயித்தை யாராச்சும் என்னாண்ட நீட்டுனா நானும் கும்புடத்தான் செய்வேன். பொட்டு வெச்சுக்கலாம், பொய் சொல்லலாம், ஆதார் கார்டை மாத்தித் தரலாம். அதுல இருக்கற மூஞ்சி நம்ம அம்மாவுக்கே தெரியாது. ஆனா அந்தக் கயித்தை மட்டும் பொய்க்குக் கட்டிக்க முடியாது. போன வருசம் படுத்தவ புருசன் இல்லாதவ."

"117-க்குக் கணவர் இருக்கிறார்."

"அதைத்தான் சொல்றேன். எல்லாரும் இந்த வருசத்துப் படத்தைக் கோணல்னு சொல்லிக்கினு கீறாங்க. கோணல் போன வருசத்துப் படம். அப்ப கேஷவ் இந்த எடத்துலயே இல்ல."

நடைவழியில் இருந்த கேஷவ் எழுந்து நின்றுவிட்டான்.

முப்பத்திரண்டு வருடம் ரெயிலில் நான் பார்த்த விஷயம் இது. முதலில் ஏறி உட்கார்ந்தவனிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. பின்னால் வருகிறவனைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அந்த ஏ.ஐ. இரண்டு ஆட்கள் என்று சரியாகத்தான் சொன்னது. எந்த ஆள் பொய் என்று அது சொல்லவில்லை. மனிதர்கள்தான் முடிவு செய்துகொண்டார்கள்.

"இந்த வருடத்துப் பதிவைக் காட்டு" என்றேன் கங்கம்மாவிடம். வழக்கு முடிந்துவிட்ட நிம்மதியில்தான் கேட்டேன்.

'117. தாலிச் செயின் 1, அதுல ஊக்கு 2, பித்தளைச் சாவி 1 (சின்னது, பச்சை நூல் சுத்தினது). மெட்டி 2. மூக்குத்தி 1. வளையல் 4. கயிறு கட்டினேன்.'

நோட்டை மூடினேன்.

"இன்னா சார், இப்படி வேர்க்குது? ஏசி ஓடிக்கினு கீதே."

"பம்மலுக்குப் போகணும். வண்டியை எடு."

"பம்மல்ல யாரு?"

"எடு என்கிறேன்."

புஷ்பலதாவின் ஸ்கூட்டியில் முன்பு மீன்பெட்டி இருந்த இடத்தில்தான் நான் உட்காருவது வழக்கம். வழக்கமாக அதைச் சொல்லிக் காட்டுவாள். அன்று நாகல்கேணி வழியாகப் போகும்போது அவள் பேசவில்லை. என்னிடமிருந்து பேச்சு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

அவளிடம் சொல்லாததை வாசகரிடம் மறைக்கமாட்டேன். அந்தச் சாவியில் பச்சை நூலைச் சுற்றியவன் நான். மற்றச் சாவிகளோடு கலந்துவிடக் கூடாது என்று சுற்றினேன்.

அது எங்கள் வீட்டு மாடி அறையின் சாவி.

என் அண்ணா ராஜகோபாலன் கணக்கு வாத்தியார். எழுபதாவது வயதில் மறக்க ஆரம்பித்தார். ஒரு நாள் காலையில் அரைகுறை உடையோடு இரும்புலியூர் மேம்பாலத்தில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரரும் காலனித் தலைவருமான சுப்ரமணியன்தான் தன் துண்டைப் போர்த்தி அழைத்து வந்து விட்டார். அப்போது என் பெண் மிருதுளாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். ஒரு வாரம் கழித்து, அண்ணாவைக் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டேன் என்று காலனியில் சொன்னேன். அண்ணா மாடியில் இருந்தார். ஜன்னலை உள்ளே ஆணி அடித்து, கதவுக்கு வெளியே கொண்டி வைத்துப் பூட்டினேன். சாவியை ஞானாம்பாளிடம் கொடுத்தேன். சாப்பாடு வைப்பதற்கு மட்டும் திற என்றேன்.

இரண்டு வருடம். அவர் கதவைத் தட்டுவார். ஞானாம்பாள் மாடிப்படியில் உட்கார்ந்து வெளியிலிருந்து கேட்பாள்: "பதினேழு மூணு?" உள்ளேயிருந்து "அம்பத்தொண்ணு" என்று பதில் வரும். "பதினேழு நாலு?" "அறுபத்தெட்டு." பெயர் மறந்தவருக்கு வாய்ப்பாடு மறக்கவில்லை. பதினேழு பத்து வருவதற்குள் தட்டுவதை நிறுத்திவிடுவார். கீழே நான் செய்தி கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் என்ன என்று பக்கத்து வீட்டில் கேட்டால் ரேடியோ என்பேன்.

அண்ணா காலமாகி நான்கு வருடம் ஆகிறது. அந்தச் சாவி எங்கே போயிற்று என்று நான் தேடியதே இல்லை.

பம்மலில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடியில் இருக்கிறாள் என் மைத்துனி அபிதகுஜாம்பாள். ஞானாம்பாளுக்கு நான்கு வயது இளையவள். கணவர் இறந்து ஒன்பது வருடம். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், பின்னால் நின்ற புஷ்பலதாவைப் பார்த்தாள், எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்கவில்லை.

"உக்காருங்கோ அத்திம்பேர். நானே சொல்லணும்னு இருந்தேன்."

"போன வருஷம் ஜூன் மாசம் நீ போய்ப் படுத்தாயா?"

"ஆமாம்."

"ஏன்?"

"அக்காவுக்கு மூணு வருஷமாவே மறக்கறது. நீங்க கவனிக்கலை. காபி ரெண்டு தரம் கொண்டுவருவா, நீங்க கோவிச்சுப்பேள்."

அன்று காலையிலும் இரண்டாவது காபி வந்தது. டம்ளரைத் தள்ளிவிட்டு நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதமாட்டேன்.

"பேர் கொடுக்கமாட்டேன்னுதான் அவ சொன்னா. காலனியில எல்லாரும் கொடுத்திருக்கா, நம்மாத்துப் பேர் மட்டும் இல்லேன்னா நாலு பேர் என்ன நினைப்பான்னு நீங்கதான் சொன்னேளாம். மிஷின் கண்டுபிடிச்சுடும், கண்டுபிடிச்சா ஆத்துக்குச் சொல்லிடுவான்னு பயந்து என்னண்ட வந்தா. ஆதார் போட்டோல நானும் அவளும் ஒண்ணுதானே. பொட்டு வெச்சுண்டு போனேன். அந்தக் கயித்தைத்தான்..."

"தெரியும்மா" என்றாள் புஷ்பலதா.

"என்னிடம் ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். என் குரல் ஸ்குவாடில் கேட்கிற குரலாக இருந்தது. வேறு குரல் எனக்கு வரவில்லை.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேள், அத்திம்பேர்?"

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ கழுத்துல ஒரு சாவி தொங்கறதே, பார்த்திருக்கேளா? பார்த்திருக்கமாட்டேள், புடவைக்குள்ள இருக்கும். எதுக்குடி இதுன்னு கேட்டேன். 'இது என் கழுத்துல இருக்கற வரைக்கும் அவரால என்னை உள்ள வெச்சுப் பூட்ட முடியாது'ன்னா."

புஷ்பலதா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. துப்பறிகிறவன் அதைக் கேட்காமல் போக முடியாது.

"இந்த வருஷம் நீ ஏன் போகலை?"

"போகத்தான் வந்தேன். ஆட்டோவோட உங்காத்து வாசல்ல நின்னேன். அக்கா செருப்பைப் போட்டுண்டு தயாரா இருந்தா. 'நீ எதுக்குடி வந்தே? போன வருஷம் நான்தானே போய்ப் படுத்துண்டு வந்தேன், நானே போய்க்கறேன்'னா." அபிதகுஜாம்பாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நாங்க பேசி வெச்ச பொய்யே அவளுக்கு மறந்துடுத்து, அத்திம்பேர்."

போன வருடம் படுத்தது தான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். திரும்பும் வழியில் பம்மல் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மணி மூன்று.

"புஷ்பா, கங்கம்மாவின் நோட்டை மட்டும் காட்டினால் போதாதா?"

"ஆயா எழுதுன நோட்டை நம்பி கமிட்டி தீர்ப்பு சொல்லுமா? நகை போடாம வந்தாங்க, அவ்ளோதானேன்னு ஒரே போடா போட்டுடுவாங்க. போன வருசம் படுத்தது இவதான்னு ஆள் வந்து சொல்லணும்."

"அந்தக் கமிட்டியில் சுப்ரமணியன் இருக்கிறார். பொதுமக்கள் சார்பில். தினமும் என்னோடு நடக்கிறவர்."

"அண்ணன் கும்பகோணம் போயிட்டார்னு நீங்க யாராண்ட சொன்னீங்களோ, அந்த ஆள்தானே?"

நான் திடுக்கிட்டேன். அவளிடம் அண்ணாவைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை.

"ஆறு வருசம் முன்னாடியே எனக்குத் தெரியும் சார். உங்க தெருவுல மீன் விக்க வரமாட்டேன், ஆனா உங்க தெரு வழியாத்தான் போவேன். ஒங்க அண்ணன் கும்பகோணம் போயிட்டார்னு தெருவே சொல்லும், மாடியில ஒங்க ரேடியோ பதினேழாம் வாய்ப்பாடு சொல்லும். எந்த ஸ்டேசன் அதுன்னு அப்பவே கேக்கணும்னு இருந்தேன். பெரிய மனுசனைக் கேக்கறதான்னு வுட்டுட்டேன்." அவள் வண்டியை விட்டு இறங்கி என் எதிரில் வந்து நின்றாள். "முப்பத்திரண்டு வருசமா டிக்கெட் இல்லாதவனை எல்லாம் காலரைப் புடிச்சு எறக்கி வுட்டிருக்கீங்க. இப்ப உங்க கையில டிக்கெட் இல்ல. நீங்களே எறங்கப் போறீங்களா, பாத்ரூம்ல போயி ஒளிஞ்சுக்கப் போறீங்களா?"

நான் போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன். ஞானாம்பாள் எடுத்தாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் அனுமதி கேட்டது அன்றுதான்.

"ஞானம், ஸ்கேன் எடுத்தாயே, அந்த இடத்தில் ஒரு பையனுக்கு வேலை போகப்போகிறது. உன் படத்தை அவன் மாற்றவில்லை என்று நான் போய்ச் சொல்லவேண்டும். உன் பெயரைச் சொல்லவேண்டி வரும். சொல்லட்டுமா?"

"எந்தப் பையன்?"

"மிஷின் பக்கத்தில் நின்றவன்."

போனில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பூட்டமாட்டோம்னு சொன்னானே, அவனா? பாவம். சொல்லுங்கோ."

கமிட்டி ஐந்து பேர். நீள மேஜையின் ஓரத்தில் சுப்ரமணியன். என்னைப் பார்த்ததும் கை உயர்த்தினார். கங்கம்மாவின் நோட்டை மேஜையில் வைத்தேன். நின்றுகொண்டே பேசினேன்.

"117 என் மனைவி ஞானாம்பாள். அவள் சம்மதத்தோடு சொல்கிறேன். இந்த வருடத்துப் படம் அவளுடையது. கேஷவ் சரியாகத்தான் எடுத்திருக்கிறார். போன வருடத்துப் படம் என் மைத்துனியுடையது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாள்."

"எதுக்காக ஆள் மாறாட்டம் செஞ்சாங்க?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"பயந்து."

"யாருக்கு?"

"எனக்கு."

நான் சுப்ரமணியனைப் பார்த்துச் சொன்னேன். மற்ற நால்வருக்கு அது தேவையில்லை. அவருக்குத் தேவை.

"என் அண்ணா கும்பகோணம் போகவில்லை. இரண்டு வருடம் மாடியில் வைத்துப் பூட்டியிருந்தேன். மறதி வந்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று என் மனைவிக்குத் தெரியும்."

சுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரேடியோன்னு சொன்னீங்க" என்றார்.

"ஆமாம்."

வேறு எதுவும் அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை நடைக்கும் வரவில்லை.

நான்கே காலுக்கு கேஷவ் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிப் பட்டையில் கோத்துக்கொண்டான். என் காலில் விழ வந்தான். தடுத்துவிட்டேன். அதற்கு நான் தகுந்தவன் இல்லை என்பதைச் சொல்லத் தெரியாமல், முழங்கால் வலி என்றேன்.

டாக்டர் விஷ்ணுப்ரியா வாசல் வரை வந்தார். "சார், இந்த வருஷத்துப் படம் உண்மைன்னா, மிஷின் சொன்னதும் உண்மை. அவங்களைக் கூட்டிட்டு வாங்க. முழுசா நிறுத்த முடியாது. மெதுவாக்கலாம். இன்னும் நேரம் இருக்கு."

"மிஷின் கெட்டிக்கார மிஷின்தான்" என்றாள் புஷ்பலதா. "ஆனா ஒரே வூட்ல நாப்பது வருசம் இருந்துகினு பக்கத்துல இருக்கறவங்க மூளையைப் பாக்காத ஆளுக்கு எதுனா மிஷின் கீதா டாக்டர்?"

அது எனக்கான கேள்வி. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்திக்கொள்ளத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் திருப்புளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. பூட்டைத் திறக்கச் சாவி வேண்டும். கொண்டியைக் கழற்றச் சாவி தேவையில்லை. துருப்பிடித்த நான்கு திருகாணிகள். மூன்றாவதைக் கழற்றும்போது ஞானாம்பாள் படியேறி வந்தாள். கையில் காபி டம்ளர். இரண்டாவதா மூன்றாவதா தெரியவில்லை. வாங்கிக் குடித்தேன்.

"என்ன பண்றேள்?"

"கொண்டியை எடுத்துவிடுகிறேன். இனிமேல் இந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது."

அவள் கழுத்துச் செயினை வெளியே எடுத்தாள். இரண்டு ஊக்குக்கு நடுவில் அந்தச் சாவி. பச்சை நூல் வெளுத்துப்போயிருந்தது.

"இதைக் கொடுத்துவிடு" என்று கை நீட்டினேன். "இனி எதற்கு?"

அவள் சாவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"இருக்கட்டும்" என்று அதைப் புடவைக்குள் விட்டுக்கொண்டாள். "எல்லாம் மறந்துண்டே வரது. இது எந்தப் பூட்டோடதுன்னு மட்டும் மறக்கலை. அது மறந்தப்புறம் நீங்க எடுத்துக்கோங்கோ."

நான்காவது திருகாணி அசையவில்லை. இருட்டும் வரை அதனோடு போராடிக்கொண்டிருந்தேன். அவள் மாடிப்படியில், பழைய இடத்தில், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.